களத்தில் ஓர் ஆசிரியர்

நுழையும்முன்

கல்வி கற்பிக்கும் இடம் வகுப்பறை மட்டுமன்று. வியர்வை சிந்தும் விளையாட்டுக் களமும் ஒரு பாடசாலையே. பள்ளி ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கி, இந்தியக் கால்பந்தை ஆசியாவின் உச்சிக்கு உயர்த்தியவர் சையது அப்துல் ரகீம். காவல்துறைப் பணியாளர்களைக் கொண்ட ஓர் அணியை நாட்டின் பெருங்கோப்பைகளை வெல்லச் செய்தவர். வறுமையில் வாடிய இளைஞர்களை ஒலிம்பிக் வீரர்களாக்கியவர். நோயுற்ற நிலையிலும் நாட்டுக்குத் தங்கம் பெற்றுத் தந்தவர். அவருடைய வாழ்க்கை, கூட்டு உழைப்பின் வலிமையை உணர்த்தும் வரலாறாகும்.

இளமையும் ஆசிரியப் பணியும்

சையது அப்துல் ரகீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அந்நகரம் அப்போது நிசாம் மன்னரின் ஆட்சியில் இருந்தது. மாலை வேளைகளில் ஐதராபாத்தின் திறந்த வெளிகளெல்லாம் பந்தாடும் சிறுவர்களால் நிறைந்திருந்தன. அச்சிறுவர்களுள் ஒருவராக வளர்ந்த ரகீம், உசுமானியப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அதன் கால்பந்து அணியில் இடம்பெற்றார். பட்டம் பெற்றபின் பள்ளி ஆசிரியரானார். நகரின் பல பள்ளிகளில் பாடம் கற்பித்த அவர், பின்னர் உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றார்.

ஆசிரியத் தொழில் அவருக்கு இரண்டு பண்புகளை அளித்தது. ஒன்று, மாணவனின் குறையைக் கண்டு சினவாமல், அதைக் களையும் வழியைத் தேடும் பொறுமை. மற்றொன்று, சொல்ல வேண்டியதைக் கேட்போர் மனத்தில் பதியுமாறு சொல்லும் ஆற்றல். கால்பந்துக் களத்தில் அவர் பெற்ற வெற்றிகள் அனைத்துக்கும் இவ்விரு பண்புகளே அடிப்படையாயின.

எல்லார்க்கும் திறந்த கோப்பை

ரகீமின் பணியை அறிந்துகொள்ள, அக்காலக் கோப்பைப் போட்டிகளின் இயல்பை அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் 1871ஆம் ஆண்டு கால்பந்துச் சங்கக் கோப்பைப் போட்டி தொடங்கப்பட்டது. முதற்பருவத்தில் பங்கேற்கப் பதினைந்து கழகங்கள் பெயர் கொடுத்தன. தோற்ற அணி வெளியேற, வென்ற அணி அடுத்த சுற்றுக்குச் செல்லும் முறை பின்பற்றப்பட்டது. செல்வர் பயின்ற பள்ளிகளின் பழைய மாணவர்களே தொடக்க ஆண்டுகளில் கோப்பையைத் தம் வசம் வைத்திருந்தனர். 1883ஆம் ஆண்டு அந்நிலை மாறியது. ஆலைத் தொழிலாளர்கள் மிகுந்திருந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்னும் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை இறுதிப் போட்டியில் வென்றது. இரண்டு ஆண்டுகளுக்குப்பின், ஊதியம் பெற்று விளையாடுவதை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஏற்றுக்கொண்டது. பொழுதுபோக்காக ஆடுவோரும் தொழிலாக ஆடுவோரும் ஒரே கோப்பைக்காகப் போட்டியிடும் நிலை இவ்வாறு உருவாயிற்று. பெயரும் பொருளும் இல்லாத சிறிய அணிகூட ஒருநாள் பெரிய அணியை வீழ்த்தலாம் என்னும் நம்பிக்கையே இத்தகைய போட்டியின் உயிர்நாடி.

இந்தியாவில் இவ்வகைப் போட்டி 1888ஆம் ஆண்டு சிம்லாவில் தொடங்கியது. ஆங்கில அரசின் வெளியுறவுச் செயலராக இருந்த மார்ட்டிமர் தூரந்து என்பவரின் பெயரால் அது தூரந்து கோப்பை எனப்பட்டது. படைவீரர்களின் உடல்நலத்தைப் பேணுவது அதன் நோக்கம். பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையும் கல்கத்தாவில் இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் கேடயப் போட்டியும் அடுத்தடுத்துத் தோன்றின. இவற்றில் நெடுங்காலம் ஆங்கிலப் படைப்பிரிவுகளின் கையே ஓங்கியிருந்தது. 1911ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள், மோகன் பகான் அணி கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை 2–1 என்னும் கணக்கில் வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. அவ்வணியினருள் ஒருவரைத் தவிர மற்றவர் அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர். ரோவர்ஸ் கோப்பையை 1937ஆம் ஆண்டில் பெங்களூர் முசுலிம்கள் அணியும், தூரந்து கோப்பையை 1940ஆம் ஆண்டில் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியும் வென்றன. அயலாரின் பொழுதுபோக்காக வந்த விளையாட்டு, இந்தியரின் தன்மதிப்பை நிலைநாட்டும் களமாக மாறியது.

இவ்விளையாட்டின் ஈர்ப்பு தமிழகத்துக்கும் விரைவில் எட்டியது. சமயத் தொண்டு நிறுவனங்களின் பள்ளிகள் வழியே அது தென்மாவட்டச் சிறுவரையும் அடைந்தது. மதுரையில் அமெரிக்கன் மிசன் பள்ளியில் பயின்ற வேங்கடராமன் என்னும் சிறுவன் கால்பந்தில் பெருவிருப்பம் கொண்டிருந்தான். அவன் சேர்ந்த அணியே வெல்லும் என்பதால் தோழர்கள் அவனைத் தங்கக்கை என்று அழைத்தனர். அச்சிறுவனே 1896ஆம் ஆண்டு வீட்டை விட்டுத் திருவண்ணாமலையை அடைந்து, பின்னாளில் ரமண மகரிசி என உலகோரால் போற்றப்பட்டார். நகரத்துச் செல்வர் மட்டுமன்றி, எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் பந்தாடத் தொடங்கிவிட்ட காலத்தில்தான் ரகீம் தம் பணியைத் தொடங்கினார்.

பயிற்சிக்கென வகுத்த போட்டிகள்

1943ஆம் ஆண்டு ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலராக ரகீம் பொறுப்பேற்றார். இருபது ஆண்டுகள், தம் இறுதிக்காலம் வரை, அப்பொறுப்பை அவர் சுமந்தார். அந்நகரத்து வீரர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் தம் திறமையைத் தனியே காட்டுவதில் விருப்பமுடையவராக இருந்தனர். பந்து காலில் பட்டால், எதிரணியினர் இருவரையோ மூவரையோ ஏமாற்றிக் கடக்காமல் அதைப் பிறருக்குக் கொடுப்பதில்லை. பார்வையாளர்கள் கைதட்டினார்கள், ஆனால் அணி தோற்றது.

இக்குறையை அறிவுரையால் மட்டும் நீக்க இயலாது என்பதை ரகீம் உணர்ந்தார். விதிகளை மாற்றி, புதுவகைப் போட்டிகளை ஏற்படுத்தினார். பந்தைத் தனியே உருட்டிச் செல்வதற்குத் தடை விதித்து ஒரு போட்டி நடத்தினார். பந்து வந்தவுடன் தோழனுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்பதால், வீரர்கள் களம் முழுவதையும் பார்த்து ஆடப் பழகினர். வழக்கமாக உதைக்கும் காலை விடுத்து மற்றொரு காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று இன்னொரு போட்டி நடத்தினார். அதனால் இரு கால்களும் ஒத்த பயிற்சி பெற்றன. சிறுவர்களுக்கு உயர வரம்பு வகுத்தும் போட்டி வைத்தார். உயரத்தாலும் வலிமையாலும் மேம்பட்டவர் முன் நிற்க அஞ்சிய சிறுவர்கள், தமக்கு நிகரானவருடன் மோதித் தன்னம்பிக்கை பெற்றனர்.

ஓர் ஆசிரியர் மாணவனின் பிழைக்கேற்பப் பயிற்சித்தாள் தயாரிப்பதைப் போலவே ரகீம் இப்போட்டிகளை வகுத்தார். அவற்றில் பரிசு பெறுவதைவிடப் பழக்கம் பெறுவதே முதன்மையாக இருந்தது. ஐதராபாத் ஆட்டத்தின் அடையாளமாகப் பின்னாளில் அறியப்பட்ட விரைவான, தரையோடு செல்லும் பந்துப் பரிமாற்றம் இவ்வாறே உருப்பெற்றது.

காவலர் அணியின் எழுச்சி

1950ஆம் ஆண்டு ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநராக ரகீம் அமர்ந்தார். நிசாமின் ஆட்சி முடிந்து ஐதராபாத் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அரசியல் மாற்றத்தின் காயங்கள் முழுதும் ஆறாத காலம் அது. அந்நகரத்து மக்கள் ஒருங்கே பெருமைகொள்ளத்தக்க ஒன்றைக் காவலர் அணி தந்தது.

அக்கால இந்தியாவில் கால்பந்தைத் தொழிலாக ஏற்று வாழும் முறை வெளிப்படையாக நிலவவில்லை. ஒலிம்பிக் போட்டிகளிலும் ஊதியத்துக்கு ஆடுவோர்க்கு இடமில்லை. எனவே விளையாட்டில் சிறந்தவர்கள் படையிலோ காவல்துறையிலோ தொடர்வண்டித் துறையிலோ பணியாற்றியபடி ஆடினர். கல்கத்தாவின் பெருங்கழகங்களுக்குப் பொருள்வளமும் இரசிகர் கூட்டமும் துணைநின்றன. காவலர் அணிக்கோ மாதச் சம்பளமும் ரகீமின் பயிற்சியுமே துணை. கோப்பைப் போட்டியின் களத்தில் மட்டும் இவ்விரு தரப்பும் சமமாக நின்றன.

அந்தச் சமநிலையை ரகீம் நன்கு பயன்படுத்தினார். நூர் முகமது, அசீசுதீன் போன்ற வீரர்கள் விளங்கிய காவலர் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இடையில் சில ஆண்டுகள் தடைப்பட்டிருந்த தூரந்து கோப்பைப் போட்டி 1950ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கியபோது, அதன் இறுதிப் போட்டியில் காவலர் அணி மோகன் பகானை எதிர்கொண்டது. முதல் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிய, மறு ஆட்டத்தில் காவலர் அணி வாகை சூடியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தூரந்து கோப்பை இவ்வாறு காவலர்களின் கைக்கு வந்தது. 1954, 1957 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வணி அக்கோப்பையைப் பெற்றது. இடைப்பட்ட 1955ஆம் ஆண்டிலும், பின்னர் 1958ஆம் ஆண்டிலும் கோப்பையை வென்றது சென்னைப் படைப்பிரிவு மைய அணி. கோப்பையின் களம் பெருநகரக் கழகங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தென்னகத்து அணிகள் இவ்வாறு மெய்ப்பித்தன.

திறமையைத் தேடிய கண்கள்

கோப்பையை வெல்வதோடு தம் கடமை முடிந்ததாக ரகீம் கருதவில்லை. தெருவோரத் திடல்களிலும் சிற்றூர்ப் போட்டிகளிலும் அவர் கண்கள் வீரர்களைத் தேடிக்கொண்டே இருந்தன. செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில், தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் துளசிதாஸ் பலராமன். காலணி வாங்கவும் வழியில்லாத வறுமை அவருடையது. அவரது ஆட்டத்தைக் கண்ட ரகீம் பயிற்சி முகாமுக்கு அழைத்தார். ஊரிலிருந்து நகரத் திடலுக்கு நாள்தோறும் வந்துசெல்ல இயலாது என்று அவ்விளைஞர் தயங்கினார். வாடகை மிதிவண்டிக்கான பணத்தை அளித்து அத்தயக்கத்தை ரகீம் போக்கினார்.

அந்தச் சிறுதொகை வீண்போகவில்லை. இருபது வயதளவிலேயே பலராமன் ஒலிம்பிக் களத்தில் இறங்கினார். பி.கே. பானர்ஜி, சுனி கோசுவாமி ஆகியோருடன் இணைந்து இந்திய முன்களத்தின் மூவருள் ஒருவராகப் புகழ்பெற்றார். திறமை எங்கும் பிறக்கும்; அது வளர்வதற்கு ஒருவரின் அக்கறையும் வேண்டும் என்பதற்குப் பலராமனின் வாழ்வு சான்றாகும்.

எல்சிங்கி தந்த பாடம்

1951ஆம் ஆண்டு முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி தில்லியில் நடைபெற்றது. இந்திய அணியின் பயிற்றுநர் பொறுப்பு ரகீமிடம் அளிக்கப்பட்டது. சைலன் மன்னா தலைமையிலான அணி, இறுதிப் போட்டியில் மேவாலால் அடித்த கோலால் ஈரானை 1–0 என வென்று தங்கம் பெற்றது. நாடெங்கும் மகிழ்ச்சி பொங்கியது.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டு பின்லாந்தின் எல்சிங்கி நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், யுகோசுலாவியாவிடம் இந்தியா 1–10 என்னும் கணக்கில் தோற்றது. இந்திய வீரர் பலர் அங்கும் வெறுங்காலுடனேயே ஆடினர். குளிர்ந்த நாட்டின் ஈரத்தரையில், காலணி அணிந்து ஆடிய எதிரணிக்கு அவர்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. 1911ஆம் ஆண்டில் வீரத்தின் சின்னமாகப் போற்றப்பட்ட வெறுங்கால், நாற்பது ஆண்டுகளுக்குப்பின் முன்னேற்றத்துக்குத் தடையாகிவிட்டது. இத்தோல்விக்குப் பிறகு காலணி அணிந்து ஆடுவதை அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கட்டாயமாக்கியது.

ரகீம் அத்தோல்வியை அவமானமாக மட்டும் எண்ணி ஒதுங்கிவிடவில்லை. அதைப் பாடமாகக் கொண்டார். அவ்வொலிம்பிக்கில் தங்கம் வென்ற அங்கேரி அணியின் ஆட்டமுறையை ஆராய்ந்தார். நடு முன்கள வீரர் எப்போதும் எதிரணியின் கோலருகே நிற்காமல், சற்றே பின்வாங்கி நின்று பிறருக்கு வழியமைக்கும் உத்தி அவரைக் கவர்ந்தது. எதிரணியின் தற்காப்பு வீரர் அவரைப் பின்தொடர்ந்தால் பின்னே வெற்றிடம் உண்டாகும். தொடராவிட்டால் அவர் தடையின்றிப் பந்தைப் பெறுவார். இவ்வுத்தியை இந்திய வீரர்களுக்கு ஏற்பப் பொருத்தி, அவர் பயிற்சி அளித்தார். பிரேசில் அணி 1958ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் வழியே புகழ்பெறச் செய்த நான்கு–இரண்டு–நான்கு என்னும் அணிவகுப்பை இந்தியாவில் முன்னெடுத்தவர்களுள்ளும் ரகீம் முதன்மையானவர்.

மெல்போர்னும் ரோமும்

அப்பயிற்சியின் பயன் 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வெளிப்பட்டது. முதற்சுற்றில் அங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா நேரே காலிறுதிக்குச் சென்றது. அங்கே போட்டியை நடத்திய ஆத்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4–2 எனத் தோற்கடித்தது. நெவில் டிசோசா அவ்வாட்டத்தில் மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் யுகோசுலாவியாவிடமும், வெண்கலத்துக்கான போட்டியில் பல்கேரியாவிடமும் இந்தியா தோற்றது. ஆயினும் நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை ஆசிய அணி ஒன்று எட்டியது அதுவே முதன்முறையாகும்.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய வலிய அணிகள் இருந்த பிரிவில் இந்தியா இடம்பெற்றது. அங்கேரியிடம் 1–2 எனப் போராடித் தோற்றது. பிரான்சுடன் 1–1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1–3 எனத் தோற்று வெளியேறியது. அந்த அணியில் தமிழ் மண்ணின் தொடர்பு மிகுந்திருந்தது. கோலைக் காத்தவர், சென்னைப் படைப்பிரிவு மைய அணியில் ஆடிப் புகழ்பெற்ற நெடிய உருவினரான பீட்டர் தங்கராஜ். அங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தவர் பலராமன். தஞ்சாவூரைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜும் அவ்வணியில் ஆடினார். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் வந்தவாசியில் பிறந்த தர்மலிங்கம் கண்ணனும் அவ்வணியில் இடம்பெற்றிருந்தார். அதன்பின் இந்திய ஆடவர் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடும் தகுதியைப் பெறவில்லை. எனவே பெருவுக்கு எதிராக அடித்த கோலே ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசிக் கோலாக இன்றும் நிலைத்துள்ளது.

சகார்த்தாவில் ஒரு சோதனை

1962ஆம் ஆண்டு நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி இந்தோனேசியாவின் தலைநகரான சகார்த்தாவில் நடைபெற்றது. அதற்கு முன்பே நுரையீரல் புற்றுநோய் ரகீமைப் பற்றத் தொடங்கியிருந்தது. இருமல் அவரை வாட்டியது, உடல் மெலிந்தது. ஆயினும் பயிற்சியில் அவர் தளரவில்லை.

சகார்த்தாவில் இந்திய அணியை வேறொரு துன்பமும் எதிர்கொண்டது. இசுரேல், தைவான் நாடுகளின் வீரர்களுக்கு இந்தோனேசிய அரசு நுழைவு மறுத்திருந்தது. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பின் பொறுப்பில் இருந்த இந்தியரான ஜி.டி. சோந்தி இதைக் கண்டித்தார். அதனால் அந்நாட்டு மக்களின் சினம் இந்தியர்மேல் திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்கள் களமிறங்கும்போதெல்லாம் கூட்டத்தினர் கூச்சலிட்டனர்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 0–2 எனத் தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4–1 என வென்றது. அவ்வாட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டது. சப்பானை 2–0 என வென்று இந்தியா அரையிறுதியை அடைந்தபோது, அணியின் வலிமை குன்றியிருந்தது. அந்நிலையில் ரகீம் துணிவான முடிவொன்றை எடுத்தார். தலையில் கட்டுடன் இருந்த ஜர்னைல் சிங்கைத் தற்காப்பிலிருந்து நீக்கி, முன்களத்தின் நடுவே நிறுத்தினார். கல்லூரிக் காலத்தில் அவர் முன்கள வீரராக ஆடியதை ரகீம் மறக்கவில்லை. அரையிறுதியில் தென்வியட்நாமை 3–2 என இந்தியா வென்றது. ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தார்.

இறுதிப் போட்டி செப்டம்பர் 4ஆம் நாள் நடைபெற்றது. எதிரே நின்றது, முதல் ஆட்டத்தில் இந்தியாவை வென்ற அதே தென்கொரியா. முந்தைய நாள் இரவு ரகீம் வீரர்களிடையே பேசினார். நாளைய வெற்றியைத் தமக்கு அளிக்கும் பரிசாகத் தர வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதிகம் பேசாமல் ஒரே விருப்பத்தை மட்டும் சொன்ன ஆசிரியரின் உடல்நிலையை அறிந்த வீரர்கள், அதன் பொருளையும் உணர்ந்துகொண்டனர்.

உடல்நலக்குறைவால் ஓய்விலிருந்த தங்கராஜை ரகீம் மீண்டும் கோல்காப்பாளராக நிறுத்தினார். கொரியரின் உயரப் பந்துகளைத் தடுக்க அவரது நெடிய உருவம் உதவும் என்பது அவர் கணிப்பு. அரங்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் திரண்டிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராகக் குரலெழுப்பினர். அப்பெருங்கூச்சலின் நடுவே இந்தியாவை ஊக்குவித்த சிறுகுழு ஒன்றும் இருந்தது. பாகிசுதான் வளைகோல்பந்து அணியினரே அவர்கள். எல்லைகள் பிரித்த மக்களை விளையாட்டு ஒருகணம் இணைத்தது.

ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். மூன்றே நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாம் கோலை அடித்தார். இறுதிக்கட்டத்தில் கொரியா ஒரு கோல் அடித்தபோதும், தங்கராஜும் தற்காப்பு வீரர்களும் அரணாய் நின்றனர். சுனி கோசுவாமி தலைமையிலான இந்திய அணி 2–1 என வென்று தங்கம் பெற்றது. வீரர்கள் தம் ஆசிரியர் கேட்ட பரிசை அளித்துவிட்டனர்.

மறைவும் புகழும்

நாடு திரும்பிய ரகீமை நோய் படுக்கையில் வீழ்த்தியது. 1963ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள், தம் 53ஆம் வயதில் அவர் மறைந்தார். ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற சையது சாகித் அக்கீம் அவருடைய மகன். அவர் தந்தையின் வழியில் பயிற்றுநராகவும், பன்னாட்டு நடுவராகவும் தொண்டாற்றினார்.

ரகீமின் மறைவுக்குப்பின், 1970ஆம் ஆண்டு பாங்காக்கில் ஐதராபாத் வீரர் சையது நயீமுதீன் தலைமையில் இந்தியா வெண்கலம் பெற்றது. அதன்பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் பதக்கம் எதுவும் இந்தியாவுக்குக் கிட்டவில்லை. 1951, 1962 ஆகிய ஆண்டுகளில் பெற்ற இரண்டு தங்கங்களே இந்தியாவின் தங்கங்கள். இரண்டும் ரகீமின் பயிற்சியில் விளைந்தவை.

அவர் வாழ்ந்த காலத்தில் பெரும் விருதுகள் எவையும் அவரைத் தேடி வரவில்லை. சிறந்த பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது ஏற்படுத்தப்பட்டதே 1985ஆம் ஆண்டில்தான். நெடுங்காலம் கால்பந்து உலகில் மட்டுமே பேசப்பட்ட அவரது வரலாறு, 2024ஆம் ஆண்டு வெளிவந்த இந்தித் திரைப்படம் ஒன்றின் வழியே பலரையும் சென்றடைந்தது.

காவலர் அணி ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்ற ரோவர்ஸ் கோப்பைப் போட்டி இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றுபோயிற்று. தூரந்து கோப்பைப் போட்டி மட்டும் இன்றும் தொடர்கிறது. கோடிக்கணக்கில் பொருள் செலவிடும் தொழில்முறைக் கழகங்களும் படைப்பிரிவுகளின் அணிகளும் அதில் ஒரே களத்தில் மோதுகின்றன. எளியோரும் வலியோரும் ஒரே விதிக்கு உட்பட்டு ஆடும் அத்தகைய களத்தில், பயிற்சியும் ஒற்றுமையும் இருந்தால் எளியோர் வெல்ல முடியும் என்பதை ரகீம் காட்டினார். மிதிவண்டி வாடகைக்கும் வழியற்ற இளைஞரை ஒலிம்பிக் களத்தில் நிறுத்தினார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்பவனைவிட, உரிய நேரத்தில் தோழனுக்குக் கொடுப்பவனே சிறந்த வீரன் என்பதே அவர் கற்பித்த பாடம். அப்பாடம் கால்பந்துக் களத்தோடு முடிந்துவிடுவதன்று.